மாப்பிள்ளை போனதற்கு ஒரு வினைச்சொல்

ஸ்ரீபெரும்புதூர் தபால் ஆபீஸ்,
காளயுக்தி வருஷம் ஆவணி மாதம்,
முகூர்த்த நாள் காலை.

சிரஞ்சீவி ரங்குவுக்கு அத்திம்பேர் ஸ்ரீநிவாசராகவன் அநேக ஆசீர்வாதம். இவ்விடம் யாவரும் க்ஷேமம் என்று பழக்க தோஷத்தில் கை எழுதப் பார்த்தது, அடக்கிக்கொண்டேன். இவ்விடம் க்ஷேமமில்லை. உன் மருமாள் வத்ஸலாவின் கல்யாணத்துக்கு நாக்பூர் ரயில்வே ஆபீஸில் உனக்கு லீவு தரவில்லை என்று நீ எழுதியபோது எனக்குக் கோபம் வந்தது வாஸ்தவம். இப்போது நீயாவது அங்கே நிம்மதியாக இருக்கிறாயே என்று பொறாமையாக இருக்கிறது. விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உட்கார்ந்துகொண்டு படி. மாப்பிள்ளையைக் காணோம்.

இதைத் தந்தியில் சொல்வதற்காகத்தான் கல்யாணப் பட்டு வேஷ்டியோடு தபால் ஆபீஸுக்கு ஓடி வந்தேன். தந்தி பாரத்தை வாங்கி ‘பிரைட்குரூம்’ என்று எழுதியும்விட்டேன். அடுத்த வார்த்தையில் நின்றுபோனேன். மாப்பிள்ளை என்ன செய்தான்? அதற்குச் சரியான வினைச்சொல் எது? கலெக்டர் ஆபீஸில் தலைமை குமாஸ்தாவாக இருந்து ரிடையர் ஆனவன், நாலு கலெக்டர்களுக்கு இங்கிலீஷ் டிராஃப்ட் எழுதிக் கொடுத்தவன், தப்பான வார்த்தையோடு என் பெயரில் ஒரு தந்தி போகலாமா? கவுண்டரில் இருக்கிற கிளாரா வடக்குப்பட்டிலிருந்து வருகிற பெண், நல்ல மாதிரி. கல்யாண வாழ்த்துத் தந்திக்கெல்லாம் நம்பர் உண்டாம், நம்பரைச் சொன்னால் வாசகம் தானாகப் போய்விடுமாம். மாப்பிள்ளை போய்விட்டதற்கு நம்பர் இருக்கிறதா என்று கேட்டேன். அந்தப் பெண்ணும் மரியாதைக்காக அட்டையை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, இல்லை என்றாள். அதற்கப்புறம் நான் பாரம் பாரமாக எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்ததில் அவளுக்கும் பொறுமை போய், “எத்தினி வாட்டி சார் கிழிப்பீங்க, பாரமே தீந்துடும்” என்று சொல்லிவிட்டாள். ஆகையால் வார்த்தை அகப்படுகிற வரையில் விவரத்தைக் கடிதமாக எழுதிவிடலாமென்று இந்த மேஜையில் நூலால் கட்டிப்போட்ட பேனாவை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். நூல் குட்டை. எழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். அதை வைத்து என் மனநிலையைக் கணிக்க வேண்டாம், மனநிலை அதைவிட மோசம்.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நேற்று சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு ஒரு குறையுமில்லாமல் நடந்தது. ஒரே ஒரு விஷயம்தான். சத்திரத்துப் பந்தலில் பெரிய மனுஷர்கள் நாலு பேர் சூழ உட்கார்ந்து பாதாம்கீர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, கம்பெனியில் வேலையெல்லாம் எப்படி என்று யாரோ மாப்பிள்ளையைக் கேட்டார்கள். இராமச்சந்திரன், வல்லம் தாண்டி ஒரகடம் ரோட்டில் புதிதாக வந்திருக்கிற ரப்பர் கம்பெனியில் பாய்லர் இன்சார்ஜ் என்பது உனக்குத் தெரியும், நீ கொண்டுவந்த வரன்தானே. அவன் சர்வ சாதாரணமாக, நைட் ஷிப்டில் பாய்லர் பார்க்கிற யாகப்பன் என்கிறவன் சொல்லாமல் கொள்ளாமல் அப்ஸ்காண்ட் ஆகிவிட்டான், அதனால் கொஞ்சம் சிரமம் என்றான். நான் சும்மா இருந்திருக்கலாம் என்று உன் அக்கா சொல்கிறாள். எப்படி அப்பா சும்மா இருப்பது? வேலைக்கு வராதவனெல்லாம் அப்ஸ்காண்ட் ஆனவனா? அதற்கு ஒரு குற்றம் வேண்டும், ஒரு வாரண்ட் வேண்டும், சட்டத்துக்குப் பயந்து ஒருவன் ஒளிய வேண்டும். இல்லாதவனுக்கு அந்த வினைச்சொல்லைப் போடுவது அவனுக்குச் செய்கிற அவமரியாதை என்று எடுத்துச் சொன்னேன். கோபமாகச் சொல்லவில்லை, உதாரணத்தோடு சொன்னேன். வசூலித்த கிஸ்தி வரிப் பணத்தோடு மறைந்த ஒரு கிராமக் கர்ணத்தின் கேஸை ஆதியோடந்தமாகச் சொன்னேன், அவர் திருப்பதியில் மொட்டைத்தலையோடு பிடிபடுகிற இடம் வருவதற்குள் பெட்ரோமாக்ஸ் விளக்குக்கு இரண்டு தடவை காற்றடித்தார்கள். எங்கள் கம்பெனியில் வராதவனுக்கெல்லாம் அப்படித்தான் சொல்வது வழக்கம் என்றான் மாப்பிள்ளை. வழக்கம் தப்பு என்றேன். சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினான். ஆனால் பாதாம்கீரைப் பாதி டம்ளரில் கீழே வைத்துவிட்டான் ரங்கு. அந்த அரை டம்ளர் பாதாம்கீர்தான் இப்போது என் கண்ணெதிரில் நிற்கிறது.

இன்று காலை காசி யாத்திரை. மாப்பிள்ளை கண்ணுக்கு மையிட்டுக்கொண்டு, பஞ்சகச்சமும் மாலையுமாக, குடை, கைத்தடி, விசிறி, கையில் ஒரு புஸ்தகத்தோடு, எனக்குச் சம்சாரம் வேண்டாம் காசிக்குப் போகிறேன் என்று தெருவில் இறங்குவதும், பெண்ணைப் பெற்றவன் ஓடிப்போய் ஐயா போகாதேயும், என் பெண்ணைக் கல்யாணம் பண்ணித் தருகிறேன் என்று அழைத்துவருவதும் உலகம் அறிந்த சடங்கு. உன் கல்யாணத்தில் நீ நாலடி எடுத்து வைப்பதற்குள் உன் மாமனார் வந்து பிடித்துக்கொண்டார், நீயும் பிடிக்கட்டும் என்றே நாலடியையும் சின்னச் சின்னதாக வைத்தாய். இங்கே மாப்பிள்ளை இறங்கின சமயத்தில், பிடிக்க வேண்டிய நான் சமையல் கொட்டகைக்குப் பின்னால் இருந்தேன். ஏன் இருந்தேன் என்று கேட்பாய். நம் தெருக்கோடியில் குடியிருக்கிற ஹெட் கான்ஸ்டபிள் பாண்டுரங்கன் கல்யாணத்துக்கு வந்தவர், வந்த இடத்தில் என்னைத் தனியாக அழைத்துக்கொண்டு போய், ஒரு திருட்டு கேஸுக்கு இங்கிலீஷில் ரிப்போர்ட் எழுதியிருக்கிறேன் சாமி, ஒரு பார்வை பாருங்கள் என்றார். எதிரி இரண்டு பித்தளைக் குடங்களுடன் டிகாம்ப் ஆகிவிட்டான் என்று எழுதியிருந்தார். பார்த்துக்கொண்டு பேசாமல் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறாயா? டிகாம்ப் என்றால் கூடாரத்தைப் பிடுங்கிக்கொண்டு போவது, முதலில் ஒருவன் முகாம் போட்டிருக்க வேண்டும், இந்தத் திருடன் எத்தனை நாள் முகாம் போட்டிருந்தான் என்று கேட்டேன். அவர், கொல்லைப்பக்கம் ஒரு நிமிஷம்தான் இருந்திருப்பான் சாமி என்றார். அப்படியானால் என்று நான் விளக்க ஆரம்பித்தேன். வாசலில் நாதஸ்வரம் கேட்டது உண்மை. யாரோ முக்கியஸ்தர் வருவதற்கு வாசிக்கிறார்கள் என்று நினைத்தேன்.

வாசலில் நடந்தது இது. மாப்பிள்ளை தெருவில் இறங்கி நடந்தான். யாரும் கூப்பிடவில்லை. கொஞ்சம் மெதுவாக நடந்தான். அப்போதும் யாரும் கூப்பிடவில்லை. மாப்பிள்ளையின் தாயார் செல்லம்மாள் முறை என்றால் ஒரு புள்ளி விடாதவர். பெண்ணின் அப்பா வந்து கூப்பிடாமல் திரும்பினால் அது நமக்கு அகௌரவம், தலையைத் திருப்பிக்கூடப் பார்க்காதே என்று முதலிலேயே சொல்லி அனுப்பியிருக்கிறார். பிள்ளையும் தாயார் சொல்லைத் தட்டாதவன், அதையும் நீதான் எழுதியிருந்தாய். தெரு முனை வரை போன பிறகு கூட வந்தவர்கள், பெண்ணின் அப்பா எங்கே என்று பார்த்துவருவதற்காக ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். நாதஸ்வரக்காரர்களுக்குக் காப்பி கொடுப்பதாக யாரோ சொல்லி அவர்களும் திரும்பினார்கள். என்னைக் கண்டுபிடித்து, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெரு முனைக்கு எல்லோருமாக ஓடினால் அங்கே வெயில்தான் இருந்தது. மெயின் ரோடு வரைக்கும் போய்ப் பார்த்தோம். மேற்கே ஒரு மாட்டுவண்டி, கிழக்கே ஒரு லாரி, மாப்பிள்ளை என்று சொல்லும்படி யாருமில்லை.

முகூர்த்தம் பத்தரைக்கு மேல். புரோகிதர் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். செல்லம்மாள் மணையில் உட்கார்ந்தபடி, எங்கள் பிள்ளை முறை தவறாதவன், கூப்பிட வேண்டியவர் எங்கே போயிருந்தார் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் என்னைப் பார்க்காமல் என் காதில் விழும்படி கேட்கிறார். உன் அக்கா வரலக்ஷ்மி அழவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. “உங்க வார்த்தையால வந்தது இது” என்று மட்டும் சொன்னாள். சமையல்காரரின் ஆட்களை நாலு திசைக்கும் அனுப்பினேன். ரசம் சுண்டிப்போகிறது என்று அவர் என்னைத் திட்டுகிறார். வத்ஸலா ஒருத்திதான் பட்டுப்புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, “வந்துடுவார்ப்பா” என்கிறாள். எப்படி அம்மா சொல்கிறாய் என்றால், “சொல்லாமப் போறவரா தெரியலை” என்கிறாள். இரண்டு தரம் பார்த்திருக்கிறாள், அதில் ஒரு தரம் பஜ்ஜித் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் குழந்தைக்கு இதற்கு முன்னால் இரண்டு வரன் பேச்சுவார்த்தையிலேயே நின்றுபோனது உனக்குத் தெரியும். மூன்றாவது பந்தல் வரைக்கும் வந்து, தெருவில் இறங்கிப் போய்விட்டதென்றால் ஊர் என்னை ஒன்றும் சொல்லாது ரங்கு, அவளைத்தான் சொல்லும். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால்தான் தந்தி கொடுக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன் என்று வேண்டுமானாலும் நீ நினைத்துக்கொள்.

சரி, வினைச்சொல்லுக்கு வருகிறேன். ‘மாப்பிள்ளை லெஃப்ட்’ என்று போடலாம். போட்டால் நீ என்ன நினைப்பாய்? காசி யாத்திரையில் எல்லா மாப்பிள்ளையும் கிளம்பத்தான் கிளம்புகிறான், எல்லாம் முறைப்படி நடக்கிறது என்று சந்தோஷப்பட்டு ஆபீஸில் மிட்டாய் கொடுப்பாய். ‘டிபார்ட்டட்’ என்று எழுதிக் காட்டினேன். கிளாரா சிலுவை போட்டுக்கொண்டு, “ஐயோ அது வாணாம் சார், எங்க கல்லறையில எல்லாம் அதான் எழுதிக்கீது” என்றாள். உடனே கிழித்துவிட்டேன். ‘போல்ட்’ என்பது கட்டை அறுத்துக்கொண்டு பாய்கிற குதிரைக்கு. இவன் குடை பிடித்துக்கொண்டு நடந்தல்லவா போயிருக்கிறான், அதுவும் புதுச் செருப்பு கடித்திருக்கும். ‘ஃப்ளெட்’ என்றால் எதற்கோ பயந்திருக்க வேண்டும், எதற்குப் பயந்தான் என்று நீ கேட்டால் பாதாம்கீர் விஷயத்தைச் சொல்ல வேண்டிவரும். ‘வானிஷ்ட்’ என்பது மோடி வித்தைக்காரனுக்கு. ‘டிகாம்ப்ட்’ என்று பாண்டுரங்கனைப் போல எழுத எனக்கு மனம் வரவில்லை, அதோடு அந்த வார்த்தை வந்தால் எதைத் தூக்கிக்கொண்டு என்ற கேள்வி கூடவே வரும். ஒரு குடை, ஒரு கைத்தடி, ஒரு விசிறி, ஒரு புஸ்தகம் என்று பதில் சொன்னால் எந்தக் கோர்ட்டிலாவது சிரிக்காமல் இருப்பார்களா? இன்னொரு வார்த்தை இருக்கிறது, ‘எலோப்’, பிடித்தவளோடு ஓடிப்போவது. அதற்கு இரண்டு பேர் வேண்டும். அதை எழுதக்கூட எழுதவில்லை. ஆனால் நினைத்தேன். நீ வரனைப் பற்றி விசாரித்தபோது இந்த விஷயத்தில் நன்றாக விசாரித்தாயா, அல்லது பையனுக்குச் சிகரெட் பழக்கம் இல்லை என்ற ஒன்றைக் கேட்டுக்கொண்டு காப்பி சாப்பிட்டுவிட்டு வந்தாயா என்பதைத் தயவுசெய்து உண்மையாக எழுது.

இதற்கு நடுவில் பாண்டுரங்கன் என்னைத் தேடிக்கொண்டு இங்கேயே வந்துவிட்டார். அவரும் தன்னால் வந்தது என்று நினைக்கிறார் போலிருக்கிறது, முகம் சரியாக இல்லை. ஸ்டேஷன் புஸ்தகத்தில் ஒரு வரி எழுதிவிட்டால் போதும், சுங்குவார்சத்திரத்துக்கும் பூவிருந்தவல்லிக்கும் சொல்லி பஸ்ஸையெல்லாம் நிறுத்திப் பார்த்துவிடலாம் என்றார். அந்த வரி என்ன என்று கேட்டேன். “அப்ஸ்காண்டிங்னு போட்டாத்தான் சாமி தேடுவாங்க, சும்மா காணோம்னு போட்டா யாரும் எழுந்து நிக்கமாட்டாங்க” என்றார். போடட்டும் என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அந்த வார்த்தையை ஒருவன் பேருக்கு எதிரில் ஒரு தரம் எழுதிவிட்டால் பிறகு அழிக்க முடியாது என்பது முப்பது வருஷம் அதை எழுதியவனுக்குத் தெரியும். அந்தக் கர்ணம் பணத்தைக் கட்டிவிட்டார், மன்னிப்பும் வாங்கிவிட்டார், அவருடைய பேரனுக்கு உத்தியோகம் கேட்டு மனு வந்தபோதுகூட ஓரத்தில் யாரோ பென்ஸிலால் குறித்திருந்தார்கள். இந்தப் பையன் ஒருவேளை திரும்பி வந்துவிட்டால்? வந்து வத்ஸலாவுக்குத் தாலி கட்டிவிட்டால்? அப்புறம் அந்த வார்த்தை அவளுக்கும் சேர்த்தல்லவா ஒட்டிக்கொள்ளும். வேண்டாம் பாண்டுரங்கன், அவன் குற்றவாளி இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அனுப்பிவிட்டு யோசித்தால், குற்றவாளியைத் தேடக் கிடைக்கிற போலீஸ் என் மாப்பிள்ளையைத் தேடக் கிடைக்காமல் போனதே என்று தோன்றுகிறது.

ஆகையால் நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன், நீ இதைக் கண்டிப்பாகக் கேட்க வேண்டும். சடங்கில் கூப்பிட ஒரு நாழிகை தாமதமானதற்காக, ஒரு வார்த்தைக்கு அர்த்தம் சொன்னதற்காக, பந்தலில் ஒரு பெண்ணை உட்கார வைத்துவிட்டுப் போகிறவன் இனிமேல் திரும்பி வந்தாலும் நமக்கு வேண்டாம். என் பெண்ணை நான் கடைசிவரைக்கும் வைத்துக் காப்பாற்றுவேன். அவளுக்கு டைப்ரைட்டிங் தெரியும், எனக்கு பென்ஷன் வருகிறது. நீ உடனே அங்கே நாக்பூரில் இருக்கிற அவனுடைய பெரியப்பாவைப் பார்த்து, சம்பந்தம் முறிந்தது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, வெற்றிலை பாக்கைத் தொடாமல் எழுந்து வந்துவிடு. இது என் தீர்மானமான முடிவு. உன் அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.

ரங்கு, சற்று நிறுத்திவிட்டு மறுபடியும் எழுதுகிறேன். கம்பெனி பஸ் டிரைவர் யேசுராஜ் இப்போது உள்ளே வந்தான். தினமும் காலையில் ஆட்களை இறக்கிவிட்டு, கம்பெனித் தபால் பையை எடுத்துப்போக இங்கே வருவது அவன் வழக்கமாம். கிளாரா அவனிடம் என் கதையைத் தணிந்த குரலில் சொன்னாள். அவன் திரும்பி என்னைப் பார்த்து, “இன்னா சார், பாய்லர் சாரத் தேடினு இருக்கீங்களா? நான்தான் ஏத்தினு போனேன்” என்றான். நான் பேனாவோடு துள்ளி எழுந்ததில் நூல் அறுந்துவிட்டது. மாப்பிள்ளை மெயின் ரோட்டுக்கு வந்து, இதற்குமேல் எங்கே போவது, யார் கூப்பிட வருவார்கள் என்று தெரியாமல் நிழலுக்கு ஒதுங்கியிருக்கிறான். ஒதுங்கிய இடம் அவன் தினமும் கம்பெனி பஸ் ஏறுகிற இடம். மாலையும் குடையுமாக நின்றாலும் நிற்பது பாய்லர் சார் என்பதால் யேசுராஜ் பழக்கத்தில் பிரேக் போட்டிருக்கிறான். உள்ளே இருந்தவர்கள், நைட் ஷிப்டுக்கு யாகப்பன் நேற்றும் வரவில்லை, தெரியாத ஆள் எவனோ பார்த்து பாய்லர் நின்றுவிட்டது, ஸ்டீம் இல்லாமல் ரப்பரெல்லாம் அச்சிலேயே கிடக்கிறது என்று ஜன்னல் வழியாகச் சொல்லியிருக்கிறார்கள். அவன் இந்தப் பக்கம் நம் தெருவைப் பார்த்தான், அந்தப் பக்கம் பஸ்ஸைப் பார்த்தான், ஏறிவிட்டான் என்கிறான் யேசுராஜ். சர்டிபிகேட் இருக்கிறவர்தானே சார் அதைத் தொட முடியும் என்கிறான். அரை மணியில் என்னைக் கொண்டுவந்து விடுங்கள் என்று சொல்லிக்கொண்டேதான் மாப்பிள்ளை ஏறினாராம். அரை மணி எப்போதோ ஆகிவிட்டது. வருவாரா என்று கேட்டேன். “வேலய வுட்டுட்டு அவரா வரமாட்டாரு சார், யாராச்சும் போயி கூப்ட்டாத்தான் வருவாரு” என்றான்.

யாராவது இல்லை ரங்கு, நான்தான் கூப்பிட வேண்டும். சாஸ்திரப்படி இன்னும் கூப்பிடப்படாமல் காசிக்குப் போய்க்கொண்டிருக்கிற மாப்பிள்ளை அவன். பெண்ணைப் பெற்றவன் போய் அழைத்தால்தானே திரும்புவான்? யேசுராஜ் பஸ்ஸைக் கிளப்புகிறான், நான் அதில் ஏறிப் போகிறேன். மேலே நான் எழுதிய தீர்மானமான முடிவைத் தற்காலிகமாக நிறுத்திவைத்துக்கொள், வெற்றிலை பாக்கு கொடுத்தால் வாங்கிக்கொள். உனக்கும் உன் சம்சாரத்துக்கும் குழந்தைகளுக்கும் எல்லா மங்களமும் உண்டாகட்டும், உடம்பைப் பார்த்துக்கொள், இவ்வளவு அவசரத்தில் ஆசீர்வாதம் பண்ணுவதற்கு மன்னிக்கவும்.

இப்படிக்கு,
ஸ்ரீநிவாசராகவன்

பின்குறிப்பு: ரங்குவுக்கு அக்கா வரலக்ஷ்மி எழுதுவது. உன் அத்திம்பேர் இந்தக் கடிதத்தை மேஜையில் போட்டுவிட்டு, மேல்விலாசம்கூட எழுதாமல் ஓடியிருக்கிறார். அந்தக் கிளாரா பெண் படிக்காமல் மடித்து, தந்தி கொண்டுவருகிற ஆளிடம் சத்திரத்துக்கு அனுப்பியிருந்தாள். இப்போது சாயங்காலம் ஆகிவிட்டது, நான் முழுக்கப் படித்தேன். இதில் இருக்கிற எதையும் நீ மனதில் வைத்துக்கொள்ளாதே. யாரும் எங்கேயும் ஓடிப்போகவில்லை. மாப்பிள்ளை பஸ்ஸில் ஏறுவதற்கு முன்னால் பூக்காரி கிளியம்மாளிடம், சத்திரத்தில் சொல்லிவிடு, சீக்கிரம் வந்துவிடுகிறேன் என்று சொல்லித்தான் போயிருக்கிறார். அவள் சேதி சொல்ல வந்தாள். நம்மவர்கள் மல்லிகை ஏன் இவ்வளவு லேட் என்று அவளைக் கோபித்து, பூவை அளந்து வாங்கிக்கொண்டு, கொல்லைப்பக்கம் போய் உட்கார் என்று சொல்லிவிட்டார்கள். உட்கார்ந்திருந்தாள், என்ன செய்வாள் பாவம்.

உன் அத்திம்பேர் பஸ்ஸில் அந்தப் பக்கம் போகிறார், மாப்பிள்ளை கம்பெனி ஜீப்பில் வடக்குப்பட்டு வழியாக இந்தப் பக்கம் வருகிறார். யாகப்பன் வீடு வடக்குப்பட்டில் இருக்கிறதாம், அவனையும் பார்த்துவிட்டு வர ஜீப் அப்படிச் சுற்றியிருக்கிறது. அவனும் ஓடிப்போகவில்லை, பொன்னுக்குவீங்கி வந்து கன்னத்தில் துணியைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தானாம். மாப்பிள்ளை நேரே சத்திரத்துக்குள் வந்திருக்கலாம். வரவில்லை. கிளம்பின தெரு முனையிலேயே இறங்கி, குடையை விரித்துக்கொண்டு நின்றார். செல்லம்மாள் மாமி இங்கிருந்தே, பெண்ணோட அப்பா வந்து கூப்பிடட்டும், அதுவரைக்கும் நில்லு என்று சொல்லிவிட்டார். கூப்பிட வேண்டியவர் அங்கே கம்பெனி வாசலில். வாட்ச்மேன் என்ன விஷயமாக வந்தீர்கள் என்று கேட்டதற்கு, முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். பெண்ணோட உடன்பிறந்தான் கூப்பிடலாமே என்றார் புரோகிதர். உடன்பிறந்தான் இல்லை. தாய்மாமன் கூப்பிடலாமே என்றார். தாய்மாமன் நாக்பூரில் இருக்கிறான் என்றேன், அப்போது உன்மேல் எனக்கு வந்த கோபத்தை நேரில் வரும்போது சொல்கிறேன். முகூர்த்த வேளை போய்க்கொண்டிருந்தது. மாமி அசையவில்லை, மாப்பிள்ளை அசையவில்லை, தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் ஜனங்கள்.

வத்ஸலா எழுந்தாள். யாரையும் கேட்கவில்லை. மாலையும் பட்டுப்புடவையுமாகத் தெருவில் இறங்கி நடந்து போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். மாப்பிள்ளை வேஷ்டியெல்லாம் பாய்லர் கரி, கண் மை கன்னம் வரைக்கும் வழிந்திருந்தது, அவளைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். அவள் ரொம்ப சாதாரணமாக, “அப்பாவுக்குச் சரியான வார்த்தை கிடைச்சதும் வருவார். அதுவரைக்கும் நீங்க வெயில்ல நிக்க வேண்டாம். நான் கூப்பிடறேன், வாங்கோ” என்றாள். அவர் குடையை மடக்கினார். இரண்டு பேருமாக நடந்து வந்தார்கள். நான் அப்போதுதான் அழுதேன். மாமி, “கூப்பிட்டாச்சோல்லியோ, அப்புறம் என்ன, நாதஸ்வரக்காராளை வாசிக்கச் சொல்லுங்கோ” என்றார்.

மாலை மாற்றி ஊஞ்சலும் ஆயிற்று. கன்னிகாதானத்துக்கு அப்பா வேண்டுமே என்று புரோகிதர் கையைப் பிசைகிற சமயத்தில் யேசுராஜ் பஸ்ஸை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். உன் அத்திம்பேர் இறங்கி ஓடிவந்தவர் மாப்பிள்ளையை மணையில் பார்த்தார், வத்ஸலாவைப் பார்த்தார், நேரே போய்த் தன் மணையில் உட்கார்ந்துவிட்டார். அவள் கையைப் பிடித்துக் கொடுக்கிற இடத்தில் புரோகிதர் சொன்ன மந்திரத்தை ஒவ்வொரு தரமும் முதல் வார்த்தையோடு விட்டுவிட்டார். புரோகிதர் மறுபடியும் மறுபடியும் சொல்லிக் கொடுத்தார். மாப்பிள்ளை தான் பிடித்த கையை விடாமல் காத்துக்கொண்டிருந்தார். தாலி கட்டியாயிற்று.

இப்போது கொஞ்ச நேரத்துக்கு முன்னால் வத்ஸலாவைப் புக்ககத்துக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். தேரடிக்கு அந்தப் பக்கம்தான், கூப்பிட்டால் கேட்கிற தூரம். மாமி நல்ல வேளை போய்விடும் என்று அவசரப்படுத்தியதில் குழந்தை சரியாகச் சொல்லிக்கொண்டுகூடப் போகவில்லை, சடக்கென்று கிளம்பிவிட்டாள். உன் அத்திம்பேர் அப்போதிலிருந்து வாசலில் நிற்கிறார். நான் பக்கத்தில் போய் நின்று, வேடிக்கையாகத்தான், “இப்படிப் போறதுக்கு இங்கிலீஷ்ல என்ன வார்த்தை?” என்று கேட்டேன்.

“தெரியலைடி” என்றார்.

நீ லீவு கேட்டுக்கொண்டு ஒரு நாலு நாள் வந்து அவரோடு இரு. ஆசீர்வாதங்களுடன்,

உன் அக்கா,
வரலக்ஷ்மி